ரிஷியின் நீல ஜாக்கெட்

சுலைமானி டீ ஆறிவிடும், குடியுங்கள் விஷால் சார். வக்கீல் உங்களிடம் நிதானமாகப் பேச வேண்டும் என்று என் மனைவி சந்திரகலா சொல்லியிருக்கிறாள். எனக்கும் அவசரமில்லை. இந்த அல் ஐன் பாலைவன ஊரில் இத்தனை வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். யாரோடும் சண்டை சச்சரவு கிடையாது.

நான் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணில் படுவதைக் கவனிப்பேன், அவ்வளவுதான். ரிஷி எனக்குக் கீழே வேலை பார்த்த இன்ஜினியர். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், தங்கமான பிள்ளை. ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சந்திரகலா எனக்குத் தயிர் ஊற்றினாள். அவனுக்கு ரசத்தோடு நிறுத்திவிட்டாள். அவனுக்குத் தயிர் பிடிக்காது என்று இவளுக்கு எப்படித் தெரியும்?

கேட்டேன்.

"நீங்கதானே சொன்னீங்க, தயிர் சாதத்தப் பாத்தாலே டேபிள விட்டு எழுந்து போயிடுவான்னு."

நான் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அதன் பிறகு நிறையக் கண்ணில் பட்டது. போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். தங்கை ஏதோ ஜோக் அனுப்பினாளாம். பெருநாள் லீவுக்கு இத்தாலி போகலாம் என்றதும், "ரிஷியும் வரானா?" என்றாள். என்னைப் பார்த்து அவள் அப்படி முகம் மலர்ந்து வெகுகாலம் ஆகிறது. வலித்தது சார். வரட்டுமே என்று நானே அவனைக் கூப்பிட்டேன்.

அங்கே அவளுக்குக் காலில் சுளுக்கு. ஹோட்டலிலேயே இருந்துவிட்டாள். நானும் ரிஷியும் மட்டும் மலை ஏரிக்கு ஏறினோம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். பாதி வழியில் வேர்க்கிறது என்று நீல ஜாக்கெட்டைக் கழற்றினான்.

"கொடு, என் பையில இடமிருக்கு" என்றேன்.

ஏரியை எட்டியதும் மழை பிடித்தது. உங்களுக்குத் தெரியாததா? இங்கே தூறல் விழுந்தாலே ஆபீஸைப் போட்டுவிட்டு நனைய ஓடுகிறவர்கள் நாம். மழையில் குளிர்ந்தே ஆள் செத்துப்போகலாம் என்று இங்கே வளர்ந்த பிள்ளைக்கு யார் சொல்லியிருப்பார்கள்? கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, வாங்கண்ணா, செமயா இருக்கு."

"நீ நல்லா நனைடா" என்றேன். நான் பாறைக்கு அடியில் ஒதுங்கி நின்றேன்.

பிறகு காற்று வந்தது, பனிமூட்டம் இறங்கியது. அவனுக்குப் பல் தந்தியடித்தது. ஜாக்கெட்டைக் கேட்டான்.

"முதல்ல நான் வழி பாத்துட்டு வந்துடறேன். பாலைவனத்துல என்ன சொல்லுவாங்க? வழி தெரியலன்னா இருந்த இடத்த விட்டு அசையாதேம்பாங்கல்ல. இங்கயே இரு."

"சரிண்ணா" என்றான்.

எனக்கு வழி நன்றாகவே தெரிந்தது. பையோடு இறங்கிவிட்டேன்.

"ரிஷி எங்க?" என்றாள் சந்திரகலா. முன்னாலேயே இறங்கிவிட்டான், கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருப்பான் என்றேன். மறுநாள் தேடிப்போனவர்கள் அதே இடத்தில் அவனைக் கண்டார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அங்கே போலீஸ் விபத்து என்று முடித்துவிட்டார்கள்.

ஜாக்கெட்டைத்தான் மறந்துவிட்டேன். பையைத் துவைக்க எடுத்தவள் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. உங்களை அழைத்து வந்தாள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்தே கொன்றேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை என்கிறீர்கள். டீ போடும்போது அவள் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கிளாஸில் மட்டும் சர்க்கரை போடவில்லை, இங்கிருந்தே பார்த்தேன். உங்களுக்குச் சர்க்கரை ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும் சார்?