பின்பக்கம் திறக்கும் கவுன்கள்

பொம்மையின் தலைமுடியை நுனியிலிருந்துதான் சீவ வேண்டும். உச்சியில் சீப்பை வைத்து இழுத்தால் கொத்தாகக் கையோடு வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாலைந்து பொம்மைகளை மொட்டையாக்கிய பிறகு நானே தெரிந்துகொண்டேன். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் மேடம், அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

ஆஸ்பத்திரித் தையல் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஜன்னல் திரை, இவைதான். ஓய்வு பெற்ற மறுவாரம் பழைய சாமான் கடையில் ஒரு கூடை நிறையப் பொம்மைகளைப் பார்த்தேன். ஒன்றுக்குக் கை கழன்றிருந்தது. ஒன்றின் கன்னத்தில் பேனாக் கிறுக்கல். இன்னொன்றைப் படுக்க வைத்தால் ஒரு கண் மட்டும் மூடாமல் விழித்துக்கொண்டிருந்தது. கூடையோடு வாங்கி வந்தேன். "குப்பையைப் போடத்தான் ஆள் தேடுவாங்க. காசு குடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் ஆளு நீதான்டி" என்றாள் அக்கா.

அந்த வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அத்தான் காலமானபின் என்னிடம் வந்து சேர்ந்தவள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவள் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள், அதனால் பேசிப் பேசியே பழகிவிட்டாள். சோப்பு தீர்ந்துபோனதைச் சொல்லவே அவளுக்குக் கால் மணி நேரம் ஆகும். நான் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

பேனாக் கறைக்கு முகப்பருக் களிம்பைத் தடவி மூன்று நாள் வெயிலில் வைத்தால் போதும். மூடாத கண்ணுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. கழன்ற கைகளுக்கு உள்ளே புது எலாஸ்டிக். துணி விஷயத்தில் மட்டும் ஒரு விதி உண்டு. பொம்மைக்கு எந்த உடுப்பு தைத்தாலும் முதுகுப் பக்கம் திறக்கிற மாதிரிதான் தைக்க வேண்டும். உடுத்தும்போது அது கையைத் தூக்காது, நமக்கு ஒரு ஒத்தாசையும் செய்யாது. பின்பக்கம் முழுக்கத் திறந்திருந்தால் முன்னாலிருந்து கைகளை நுழைத்து, முதுகில் பட்டன்களை அழுத்திவிடலாம்.

அக்காவோடு வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி ஞாயிறுதோறும் வருவாள். கண்ணாடிக்காரி என்று நாங்கள் கூப்பிடுவோம். வேறு ஊரில் அவளுக்கு இரண்டு அறை வைத்து ஒரு வீடு இருந்தது. தானும் அங்கே போய் அவளோடு இருக்கப் போவதாக அக்கா ஒரு நாள் சொன்னாள். மூன்று மாதத்தில் பயணம். என்னை யோசித்தாயா என்று கேட்டேன்.

"நீ உன் பொம்மைங்களோட இருப்ப. உனக்கு நான் எதுக்கு?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், குத்திக்காட்டவில்லை.

தனியாக இருந்திருக்கிறீர்களா மேடம்? அவள் வருவதற்கு முன் ஒன்பது வருடம் நான் அந்த வீட்டில் தனியாக இருந்தேன். வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டால், காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் அதே அளவுதான் திறந்திருக்கும். சில நாள், வேண்டுமென்றே ஒரு நாற்காலியை நடுவழியில் போட்டுவிட்டுப் போவேன், யாராவது நகர்த்தி வைப்பார்களா என்று. பைத்தியக்காரத்தனம்தான். மறுபடியும் அப்படி இருக்க என்னால் முடியாது.

பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்கா குளியலறை வாசலில் விழுந்தாள். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டன. அதற்குப் பிறகு பதினோரு மாதம் அவளை நான் பார்த்துக்கொண்டதை அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். படுக்கைப் புண் ஒன்று வரவில்லை. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, முடியை நுனியிலிருந்து சீவி, ஜன்னலோரம் உட்கார வைப்பேன். என் வாழ்க்கையிலேயே நான் நிம்மதியாக இருந்த மாதங்கள் அவை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

வாரம் இருமுறை பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. இடது கையால் தானே பொத்தான் போட்டுப் பழகட்டும், முன்பக்கம் திறக்கிற சட்டை ஒன்று கொடுங்கள் என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒன்றுகூடவா என்றாள். அக்காவின் பழைய துணிகளை எல்லாம் நான் கொடுத்துவிட்டிருந்தேன். ஊதாப் பூப் போட்ட துணியில் தைத்த ஆறு கவுன்கள்தான் இருந்தன. ஆறும் பின்பக்கம் திறப்பவை. ஆஸ்பத்திரியில் தைத்துத் தைத்து வந்த பழக்கம் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொன்னேன். ஆனால் அங்கே நான் தைத்தது விரிப்பும் உறையும் திரையும்தான், அதை நானே சற்று முன் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் விடவில்லை. தன் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து பழக்கினாள். பதினோராம் மாதம் அக்கா இரண்டு பொத்தான் போட்டாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு வார்த்தையும் வந்தது.

"போறேன்" என்றாள்.

எங்கே என்று கேட்டேன். மறுநாள் காலை மாத்திரைப் பெட்டியை மறுபடியும் மாற்றி நிரப்பினேன்.

மறுபடியும் என்று சொல்லிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு பல வருடமாக உண்டு. வாரத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு வைப்பது எப்போதும் என் வேலை. பயணச் செய்தி கேட்ட வாரத்திலிருந்து அவள் விழுந்த நாள் வரை அதில் இருந்தவை வெறும் சத்து மாத்திரைகள். அதே வெள்ளை, அதே வட்டம். தலை சுற்றும், பயந்துபோய்ப் பயணத்தை விட்டுவிடுவாள், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று சொன்னேன். அது பொய். கண்ணாடிக்காரி உங்களிடம் சொன்னதுதான் நிஜம். தனியாக ஊர் மாறிப் போனவள், அக்கா விழுந்தபின் முதல்முறையாக இப்போதுதான் வந்தாள், வந்ததும் அக்கா உடம்பில் இருந்த ஊதாப் பூவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மாத்திரைப் பெட்டியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

அந்தத் துணியை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். அக்கா விழுவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிறு, அது என் மெஷினில் கிடந்தது. அக்காதான் எடுத்து விரித்து, தன் தோளோடு வைத்துப் பார்த்தாள்.

"எந்தப் பொம்மைக்குடி இவ்ளோ பெரிய கவுனு?"

"பெரிய பொம்மை ஒண்ணு வருதுக்கா" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்தான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். ஆமாம் மேடம், அவள் அளவுக்குத்தான் வெட்டினேன். கையைத் தூக்க மாட்டாள் என்று தெரிந்தேதான் வெட்டினேன்.

வேறு சொல்ல ஒன்றுமில்லை. வார்டில் யாருடைய காலடிச் சத்தம் கேட்டாலும் அக்கா வாசலையே பார்க்கிறாளாம், பக்கத்தில் இருக்கும் நர்சின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாளாம். இதைச் சொல்லிவிட்டு நீங்கள் ஏன் என் முகத்தை அப்படிப் பார்த்தீர்கள் என்றுதான் புரியவில்லை. பதினோரு மாதம் ஒரு நாள்கூடப் பிரியாமல் இருந்தவள் நான். என்னைத்தான் தேடுகிறாள். கையெழுத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் அனுப்புங்கள், அவள் எனக்காகக் காத்திருப்பாள்.