இடைவேளையில் சொல்லி அனுப்பிய சேதி

சாட்சி: ஆண், வயது 53, மணமானவர், தொழில் மேடை உதவியாளர். இருப்பிடம் சலவைக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி, பின்பக்கப் படி. பெயர் அடையாள அட்டையில் கண்டபடி குறித்துக்கொள்ளப்பட்டது. வேலை இடத்தில் என்னைத் ‘தபால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பவத்தன்று எனக்கு ஒன்றும் தெரியாது என்று இதே காவல் நிலையத்தில் சொல்லியிருந்தேன். அது பொய். இன்று யாரும் அழைக்காமல் நானாக வந்து சொல்கிறேன்.

நாற்பது வருடங்களுக்கு முன் பாப் பாட்டில் கொடிகட்டிப் பறந்த இரட்டையரிடம் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மூத்தவரைப் பெரியவர் என்றும் இளையவரைச் சின்னவர் என்றும் சொல்வோம். அண்ணன் தம்பி அல்லர், பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். கோட்டுக்கு இஸ்திரி போடுவது, மைக்குக்கு பேட்டரி மாற்றுவது, தலைக்குச் சாயம் பூசுவது எல்லாம் என் வேலை. அதைவிடப் பெரிய வேலை இருவருக்கும் நடுவே சேதி கொண்டு நடப்பது. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேடையில் தோளில் கை போட்டுச் சிரிப்பார்கள்; இறங்கிவிட்டால் வராந்தாவின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். என்ன சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம், நாளுக்கொரு காரணம் சொல்வார்கள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

சொன்னதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் குழு ஒரு வாரம் தாங்காது. பெரியவர், “அந்தக் கழுதைக்குச் சுருதி காதுல விழலன்னா காதைக் கழுவிட்டு வரச் சொல்லு” என்பார். நான் அந்தக் கோடிக்குப் போய், “ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கச் சொன்னார்ணே” என்பேன். சின்னவர் திருப்பிச் சொல்வதை இங்கே எழுத வேண்டாம். அதையும் “சரின்னு சொன்னார்” என்று கொண்டுபோவேன். இப்படியே காலம் ஓடியது. என் முழங்கால்தான் தேய்ந்தது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. நான்கு பத்துக்கு இடைவேளை விட்டார்கள். நான் சின்னவரின் அறைக்குள் போனபோது அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஈரத்துண்டு கேட்டார், கொடுத்தேன். அதன் பிறகு அவர் சொன்னது: “தபால், போய் அவன்கிட்ட சொல்லு. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. கடைசிப் பாட்டை இன்னிக்கு விட்டுரலாமான்னு கேளு. அவன் சொன்னா நான் கேக்கறேன்.”

கடைசிப் பாட்டு அவர்களுடைய பழைய பெரிய வெற்றிப் பாட்டு. முடிவில் இருவரும் மேடை முழுக்க ஓடி ஆட வேண்டும். ஜனங்கள் வருவதே அதற்குத்தான். அதில் கைத்தட்டல் பெரியவருக்கே போகிறது என்று சின்னவருக்கு மனத்தாங்கல் உண்டு. அந்த மாதத்தில் மட்டும் முழங்கால், தொண்டை, தலைசுற்றல் என்று மூன்று தடவை அதை விட்டுவிடச் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று தடவையும் நான் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். வராந்தாவில் பாதி தூரம் நடந்து, துணிப் பெட்டி மேல் உட்கார்ந்தேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஐந்து நிமிடம் கழித்து எழுந்து, பெரியவர் அறைக்குப் போகாமலே சின்னவரிடம் திரும்பினேன்.

“சொல்லிட்டேன்ணே. பாடிரலாம்னு சொன்னார்” என்றேன். “வேற ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் தன் மனைவிக்கு போன் செய்து, சொல்லி அனுப்பினேன், அவன் பாடித்தான் ஆகணும்கிறான் என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதன் பிறகு பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். நான்தான் கோட்டை மாட்டிவிட்டேன்.

ஐந்தரை மணிக்குக் கடைசிப் பாட்டின் முடிவில் சின்னவர் ஓடிவந்து மண்டியிட்டு, அப்படியே சாய்ந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். விளையாட்டு என்று எண்ணிப் பெரியவர் இன்னும் இரண்டு வரி பாடினார். அதன் பிறகு மைக்கைப் போட்டுவிட்டுக் குனிந்து, “டேய், எந்திரிடா” என்றார். பெரியவர் சின்னவரிடம் நேராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் டாக்டர், ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் உயிரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

சின்னவரின் மனைவி, தன் கணவர் கெஞ்சியும் பெரியவர் வற்புறுத்திப் பாட வைத்தார் என்று புகார் கொடுத்தார். அந்த அம்மாமேல் தப்பில்லை, போனில் கேட்டதைச் சொன்னார். பெரியவரை மூன்று நாள் விசாரித்தார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் நான் வீட்டிலேயே கிடந்தேன்.

நேற்று காலை பெரியவர் என் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “தபால், நீ வந்து சொன்னது எனக்கு ஞாபகமே வரல. அவன் பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்றவன் இல்ல. நீயும் சொல்லாம விடுற ஆள் இல்ல. அப்ப நான்தான் கேட்டுட்டு மறந்திருக்கேன். வயசாயிருச்சுல்ல, நாளைக்குப் போய் ஒத்துக்கப் போறேன்” என்றார்.

அதன் பிறகு நான் நடந்ததைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “அவன் சொன்னதை அப்படியே சொல்லு” என்றார். ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார், சொன்னேன். அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்னா கேப்பேன்னா சொன்னான்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பிறகு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, மென்மையாக்கவில்லை. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)