ஊசியில் மிஞ்சிய ஏழு மில்லிலீட்டர்

"நிலத்தில படுங்கோ!"

படுக்க முடியாது. என் விரல் ஒரு மனிதரின் கழுத்து நாடியில் இருக்கிறது. முதல் ஷெல் வீதிக்கு அப்பால். இரண்டாவது விளையாட்டு மைதானத்தில். ஓடுகள் உதிர்கின்றன. எண்ணுகிறேன். நிமிடத்துக்கு நூற்று நாற்பது. நூல்போல ஓடுகிறது.

அச்சுவேலிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை. அதன் இரண்டு வகுப்பறைகளை வைத்தியசாலையாக மாற்றியிருந்தோம். மயக்கமருந்து கொடுப்பது என் பொறுப்பு. மேசையில் கிடந்தவர் செபஸ்தியான். குருநகர்க் கடற்றொழிலாளி. இடம்பெயர்ந்து வந்தவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்திருந்தது. இரத்தம் நிற்கவில்லை. உடனே காலை எடுக்காவிட்டால் உயிர் போய்விடும்.

இருந்த மருந்து ஒன்றுதான். தயோபென்டோன். மஞ்சள் தூள். நீரில் கரைத்து நாளத்தில் ஏற்ற வேண்டும். வாயில் உள்ளிப்பூடு மணக்கும். அரை நிமிடத்தில் நித்திரை. நல்ல உடம்பென்றால் பத்து மில்லிலீட்டர் கொடுக்கலாம். ஆனால் அது நோவைப் போக்கும் மருந்தல்ல. நித்திரையை மட்டுமே தரும். அதுவும் சில நிமிடங்கள்தான். மருந்து மூளையை விட்டுத் தசைகளுக்குப் பரவியதும் ஆள் விழித்துவிடுவார். இன்னொன்றும் உண்டு. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். இதயத்தைச் சோரவைக்கும். இரத்தம் இழந்த உடம்பு அதைத் தாங்காது. முழு அளவையும் கொடுத்திருந்தால் செபஸ்தியான் எழும்பியே இருக்கமாட்டார்.

இதைத்தான் இத்தனை வருடமாகச் சொல்கிறேன். யாரும் காதில் வாங்குவதில்லை.

ஊசியில் பத்து எடுத்தேன். இரண்டு கொடுத்தேன். காத்திருந்தேன். இரத்த ஓட்டம் தளர்ந்தால் மருந்தும் தாமதமாகத்தான் மூளைக்குப் போகும். இன்னுமொன்று கொடுத்தேன். கண் மூடினார். சத்திரசிகிச்சை வைத்தியர் வெட்டத் தொடங்கினார். பாதியில் செபஸ்தியான் கண்ணைத் திறந்தார். அலறினார்.

"குடும்! இன்னும் குடும்!" என்றார் வைத்தியர்.

நாடியைத் தேடினேன். இருந்தும் இல்லாதது போல. கொடுக்கவில்லை. இரண்டு பேர் அவரை அமத்திப் பிடித்தார்கள். கால் போனது. ஆள் பிழைத்தார்.

போன மாதம் யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக்குக்குப் போனேன். நான் போய் உட்கார்ந்த வாங்கில் செபஸ்தியான். பக்கத்தில் அவர் மகள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நான் விடவில்லை. என்ன கோபம் என்று கேட்டேன்.

"ஊசியில மருந்து கிடந்தது, ஐயா. நான் கண்டனான். ஆருக்கு மிச்சம் பிடிச்சனீங்கள்?"

விளக்கினேன். எல்லாவற்றையும். இதயம், இரத்தக் குழாய், அளவு. மருந்து எழுதித் தந்த துண்டின் பின்பக்கத்தில் படமும் கீறினேன். மகள் தலையாட்டினாள். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை.

"ஓம், விளங்குது. ஆனா, நான் கத்தேக்குள்ள நீங்கள் மணிக்கூட்டை எல்லோ பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

நாடி எண்ணினேன் என்றேன். உங்கள் நாடியைத்தான் என்றேன். அதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மகளின் தோளைப் பிடித்து எழுந்து போய்விட்டார்.

எழுதி வைக்கிறேன். அன்று மேசைக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். ஐவர் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி கர்ப்பிணி. அந்தப் பிள்ளையையும் சேர்த்தால் ஆறு. தண்ணீர் எடுக்கப் போன தாதி திரும்பவில்லை. ஏழு. வெட்டி எடுத்தவை மூன்று கால்கள், ஒரு கை. பிழைத்தவர்கள் நால்வர். மூவர் பிறகு வந்த வருடங்களில் போய்விட்டார்கள். இன்று உயிரோடிருப்பவர் ஒருவர்.

அவர் என்னோடு கதைப்பதில்லை.