டோர்கில் வாங்கிய முழு மதிப்பெண்

பாலுக்கும் பஞ்சமில்லாத, பேச்சுக்கும் பஞ்சமில்லாத நம் பாலாடைக்கட்டிக் கூட்டுறவு ஆலையின் பொதுக்குழுவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் ஹென்னிங் அவர்களே! முன்வரிசையில் கால் மேல் கால் போட்டு, கடிகாரத்தின் மேல் கண் போட்டு அமர்ந்திருக்கும் இயக்குநர் மோன்ஸ் அவர்களே! அவருக்குப் பக்கத்தில், நம்மையெல்லாம் மேம்படுத்தியே தீருவது என்று தலைநகர் கோபன்ஹேகனிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் கணினிவழிக் கல்வி நிறுவனத்தின் விற்பனை மேலாளர் யெஸ்பர் அவர்களே! விடியுமுன் எழுந்து மாடு கறக்கும் சான்றோர்களே! பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட கையோடு பொதி கட்ட ஓடிவரும் தாய்மார்களே! சமையலறைக் கதவோரம் இடம் பிடித்து, பன்றி இறைச்சி வறுபடும் வாசனையில் பாதி உயிரை அங்கேயே விட்டுவிட்ட என் அருமைத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஆலைத் தொழிலாளர்களின் பிரதிநிதி வீபெக்கேயின் வணக்கம்.

யாரது, பல்லேயா? “சுருக்கமாப் பேசு வீபெக்கே, உருளைக்கிழங்கு ஆறுது” என்கிறாயா? ஆறட்டும் பல்லே. இன்றைக்கு நான் ஆறப்போவதில்லை.

நிர்வாகக் குழு நம் முன் இரண்டு தீர்மானங்களை வைத்திருக்கிறது. யெஸ்பருடைய கணினிப் பாட ஒப்பந்தத்தை நீட்டிப்பது ஒன்று. குளிரறைத் தொழிலாளி டோர்கிலை வேலையிலிருந்து நீக்குவது மற்றொன்று. முறையாகப் பயிற்சி பெற்றும் கவனக்குறைவால் தனக்குத் தானே தீங்கு தேடிக்கொண்டாராம். அதோ, சன்னலோரம் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் டோர்கில். அவருடைய சோறு இன்று உங்கள் கையில் இருக்கிறது. அதை மறக்காமல் கேளுங்கள்.

யெஸ்பர் முதன்முதலாக நம் உணவுக்கூடத்துக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? என்ன சட்டை! என்ன சிரிப்பு! சுவர் முழுக்க என்ன வண்ணப் படங்கள்! அதுவரை நாம் காட்டுமிராண்டிகளாக அல்லவா இருந்தோம்! வசந்தம் வந்தால் அரை நாள் ஆலையை நிறுத்துவோம். ஒவ்வொருவரையும் குளிரறைக்குள் அனுப்பி, விளக்கை அணைத்து, கதவைச் சாத்துவோம். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடியை இருட்டில் தடவிக் கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். வந்தவரைக் கேலி செய்து, சூடாகக் காபி ஊற்றிக் கொடுப்போம். அதைப் போய்ப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பாவம்!

யெஸ்பர் வந்து நம் கண்ணைத் திறந்தார். “அரை நாள் உற்பத்தி போச்சே மோன்ஸ்! என் பாடத்துக்கு ஒரு மெஷின்கூட நிக்க வேணாம். அவங்கவங்க போன்லயே படிச்சிக்கலாம்” என்றார்.

“படிச்சாங்களான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?” என்று கேட்டார் மோன்ஸ். நல்ல கேள்விதான். குறை சொல்ல மாட்டேன்.

“முடிச்சா பச்சை டிக். முடிக்காட்டி சிவப்பு. உங்க திரையில பளிச்சுன்னு தெரியும். நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, ‘நாங்க சொல்லிக்குடுத்தாச்சு’ன்னு எடுத்து நீட்டலாம் பாருங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான், தோழர்களே, நம் இயக்குநரின் முகம் மலர்ந்தது. அந்த மேசையில் நானும் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

வியாபாரத்தைப் பார்த்தீர்களா? தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுச் சந்தா. படித்தாலும் சந்தா, படுத்துத் தூங்கினாலும் சந்தா. பாடமாவது பாடம்! ஏதோ ஓட்டலுக்காக எடுத்த படத்தை நம் தலையில் கட்டினார்கள். கழுத்தில் டை கட்டிய ஒருவர் கம்பளம் விரித்த தாழ்வாரத்தில் நடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போவார். பிறகு கேள்வி, மூன்று விடையில் ஒன்றைத் தொட வேண்டும். “நச்சு வாயு கசிந்தால் என்ன செய்வீர்கள்? பதறாமல் வெளியேறுவேன். படம் பிடிப்பேன். ஐஸ்கிரீம் சாப்பிடுவேன்.” இதில் தோற்க வேண்டுமென்றால் அதற்குத்தான் பயிற்சி வேண்டும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அடுத்ததைக் கேட்டுவிட்டுச் சிரிக்க முடிகிறதா பாருங்கள்.

பச்சை டிக் வேகமாக விழவில்லை என்று மோன்ஸ் ஓர் அறிவிப்பு செய்தாரே, அது என்ன? எந்தப் பிரிவில் எல்லாருக்கும் பச்சை விழுகிறதோ, அந்தப் பிரிவுக்கு வெள்ளிக்கிழமை கேக்! பாலேடு அடுக்கிய கேக், மேலே ஸ்ட்ராபெரி. ஒரே ஓர் ஆள் சிவப்பாக இருந்தாலும் அந்தப் பிரிவு முழுமைக்கும் வெறும் காபிதான். இங்கேதான், அன்பர்களே, நம் ஊர்க்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறை நாம் செய்தோம். வேறு ஊராக இருந்தால் பின்தங்கியவனைத் திட்டியிருப்பார்கள். நமக்கு அந்த மனசு ஏது? ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் கேக் தின்போமா? ஆகவே கைவேகம் உள்ளவர் கைவேகம் இல்லாதவருக்கும் சேர்த்துக் கிளிக் செய்தார். கடவுச்சொல்லா? உணவுக்கூடக் கரும்பலகையில் எல்லார் பெயருக்கும் எதிரே எழுதியே வைத்திருந்தோமே! பூட்டில்லாமல் சைக்கிள் விடுகிற ஊர் இது. ஆலை முழுக்கப் பச்சையாயிற்று. யெஸ்பருக்கு அவர் நிறுவனத்தில் கைதட்டல், மோன்ஸுக்கு மாவட்ட மாநாட்டில் கேடயம், நமக்குக் கேக்.

டோர்கில் நம்மிடம் வந்தது, இருட்டுப் பயிற்சியை நிறுத்திய பிறகு. வடக்கே மீன் ஆலையை மூடியதும் இங்கே வேலைக்குச் சேர்ந்தவர். கைப்பிடி எந்தப் பக்கம் என்று அவருக்கு ஒருவரும் காட்டவில்லை. கேட்டால் பச்சை டிக் இருக்கிறதே!

பிறகு குழாய் வெடித்தது. குளிரூட்டும் அம்மோனியா வாயு. குளிரறைக்குள் டோர்கில் தனியாக. விளக்குப் போய்விட்டது, கதவு சாத்திக்கொண்டது. சங்கு அலறுகிறது. நாம் என்ன செய்தோம்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நம்மில் பாதிப் பேர் போனை எடுத்துப் பார்த்தோம். “புதுப் பாடம் வந்திருக்குபோல” என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். அந்த நேரத்தில் உள்ளே ஒரு மனிதர் சுவர் சுவராகத் தடவிக்கொண்டிருந்தார், கண் எரிய எரிய, மூச்சு முட்ட முட்ட. கடைசியில் வெளியிலிருந்து கதவைப் பிடுங்கித் திறந்தவன் பல்லே. உருளைக்கிழங்கு கேட்கிறானே, அதே பல்லேதான். கைதட்டுங்கள், தகும்!

உயிர் மிஞ்சியது. ஒரு கண் போயிற்று. மற்றொன்றில் பனிமூட்டம்தான்.

மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவரிடம் நிர்வாகம் ஆளனுப்பியது. பூங்கொத்து வந்தது. கூடவே செய்தியும் வந்தது: “வாயுக் கசிவுப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றவர் நீங்கள். தெரிந்தே தவறியிருக்கிறீர்கள்.” அன்று நான் போனபோது டோர்கில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், “வீபெக்கே, நான் எப்பம்மா பரீட்சை எழுதினேன்?”

“இதை அப்படியே சொல்லிருவோம் டோர்கில். நீ எழுதலன்னு சொல்லிருவோம்” என்றேன்.

“வேணாம். எனக்காக முடிச்சுக் குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். ஆசையாத்தான் செஞ்சாங்க. பேரைச் சொன்னா அவங்க வேலையும் போயிரும். எனக்குக் கண்ணு போனது போதும், விடு.”

கேட்டீர்களா, மோன்ஸ்? கேட்டீர்களா, யெஸ்பர்? யெஸ்பர், நீங்கள் விற்றது கல்வியா? மோன்ஸ், நீங்கள் வாங்கியது கல்வியா? பழியை ஆலையின் தோளிலிருந்து தொழிலாளியின் தோளுக்கு மாற்றிவிடும் சரக்கை அவர் விற்றார், நீங்கள் வாங்கினீர்கள், நாம் கேக் தின்றுகொண்டே சுமந்து கொடுத்தோம்! சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டோர்கில் பெயர் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்பேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் “இதை நானே செய்தேன்” என்று ஓர் உறுதிமொழி உண்டு. பொய் என்று தெரிந்தால் வேலை போகும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தெரிந்துதான் கேட்கிறேன். பிறருக்காகக் கிளிக் செய்தவர்களும், பிறர் கையால் பச்சை வாங்கியவர்களும் எழுந்து நில்லுங்கள். நின்றால் அந்தப் பச்சை டிக் அத்தனையும் பொய். அது பொய்யென்றால் டோர்கில் மேல் குற்றமே இல்லை. ஒருவர் இருவர் நின்றால் அவர்களைத் துரத்திவிடுவார்கள். எல்லாரும் நின்றால் யாரைத் துரத்துவார்கள்? ஆலையையா?

யெஸ்பர் எழுந்து, “இது ஒப்பந்த மீறல், நான் எச்சரிக்கிறேன்” என்கிறார். ஐயா, உட்காருங்கள். எழுந்து நிற்கச் சொன்னது உங்களை அல்ல.

யாரது அங்கே? சம்பளப் பிரிவு லிஸ்பெத்! சத்தமாகச் சொல் லிஸ்பெத், பின்வரிசைக்குக் கேட்கட்டும்.

“டோர்கிலுக்கு முடிச்சது நான்தான். குளிரறைக்காரங்க எல்லாருக்குமே நான்தான். மன்னிச்சுக்க டோர்கில்... மோன்ஸ், உங்களுக்கும் நான்தான் முடிச்சேன். நீங்க நார்வேக்கு மீன் பிடிக்கப் போயிருந்தீங்கல்ல, அந்த வாரம்.”

அமைதி! அமைதி தோழர்களே! சிரித்தது போதும். மோன்ஸ் முகத்தைப் பாருங்கள். மனிதர் யோசிக்கிறார். இருக்கையின் கையைப் பிடிக்கிறார்... எழுந்துவிட்டார். நன்றி மோன்ஸ். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

ஹென்னிங் அவர்களே, கை எண்ண வேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன். தலைமைக்கு நன்றி, பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் நன்றி. லிஸ்பெத், உனக்கு என் தலை தாழ்ந்த நன்றி. டோர்கில், உனக்கு அங்கிருந்து தெரியாது, அதனால் நான் பார்த்துச் சொல்கிறேன். யெஸ்பரைத் தவிர இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது நீ ஒருவன்தான். வணக்கம்.