இன்னொரு கொத்து

கணவன்: இது நான் வாங்கிக் குடுத்த பூ இல்ல.

மனைவி: பையைக் கீழ வெச்சுட்டு முதல்ல முகத்தைக் கழுவுங்க.

கணவன்: நான் ஊருக்குப் போய்ப் பன்னெண்டு நாளாச்சு. ரோஜா அத்தனை நாள் நிக்குமா?

மனைவி: பார்த்துக்கிட்டா நிக்கும்.

கணவன்: யார் குடுத்தா?

மனைவி: எனக்கு யார் குடுப்பா? ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சம்பழச் சாறு, துணிக்குப் போடுற ப்ளீச் ரெண்டே சொட்டு...

கணவன்: ப்ளீச்சா? காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணும்.

மனைவி: சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு. ப்ளீச் தண்ணி அழுகாம இருக்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்தி, காம்பைச் சாய்வா நறுக்கணும். எவ்ளோ குட்டையாயிருக்குன்னு நீங்களே பாருங்க.

கணவன்: ...குட்டையாத்தான் இருக்கு.

மனைவி: அப்புறம் என்ன?

கணவன்: தினம் நாலு மணிக்கு வீட்டைப் பூட்டிட்டு எங்க போறே?

மனைவி: ஓ... மாடி வீட்டு அக்கா ஃபோன் பண்ணியாச்சா?

கணவன்: கேட்டதுக்குப் பதில்.

மனைவி: சொல்றேன். இந்த மருந்துத் தண்ணியைச் சொல்லிக் குடுத்ததே நீங்க பூ வாங்குன கடைக்காரம்மாதான்.

கணவன்: அங்க எதுக்குப் போனே?

மனைவி: மூணாம் நாளே பூ தலை சாஞ்சிருச்சு. கேக்கப் போனேன். 'ரெண்டு கொத்துமேவா வாடிருச்சு?'ன்னாங்க. நம்ம வீட்டுக்கு ஒண்ணுதானே வந்துச்சு.

கணவன்: ஆள் மாத்திச் சொல்லியிருப்பாங்க.

மனைவி: உங்க சட்டை நிறம் வரைக்கும் சொன்னாங்க. யாருக்குங்க அது?

கணவன்: ஆஃபீஸ்ல ஒருத்தருக்கு...

மனைவி: எந்த ஒருத்தருக்கு?

கணவன்: விடேன்.

மனைவி: ஒம்பது நாளா விட்டுத்தான் வெச்சிருக்கேன்.

கணவன்: ...அப்பாவுக்கு.

மனைவி: ம்.

கணவன்: இடுப்பு எலும்பு ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கார். கல்யாணத்தன்னைக்கு உன்னை வாசல்ல நிக்க வெச்சுக் கதவைச் சாத்துன மனுஷன். அவரைப் போய்ப் பார்த்தேன்னு எந்த முகத்தோட உங்கிட்ட சொல்ல?

மனைவி: மூணாவது மாடி. ஜன்னலோரக் கட்டில்.

கணவன்: உனக்கெப்படி...

மனைவி: பூவை அனுப்புன இடத்தைக் கடைக்காரம்மா சொன்னாங்க. எவளா இருக்கும்னு பார்த்துடலாம்னு ஆத்திரத்தோடதான் போனேன். என்னைப் பார்த்ததும் உங்கப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அங்கயும் பூ தொங்கிக் கிடந்துச்சு. தண்ணியை மாத்தி, காம்பை நறுக்கி வெச்சுட்டு வந்தேன். அன்னையிலேருந்து நாலு மணிக்கு அங்கதான் போறேன்.

கணவன்: அவர்... ஏதாவது பேசுனாரா?

மனைவி: இத்தனை நாள் ஒரு வார்த்தை இல்ல. நேத்து நான் கிளம்புறப்போ, சுவரைப் பார்த்துக்கிட்டே, 'நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வா'ன்னார்.