புள்ளிக்குப் பாகம் உண்டா

…சும்மா இருக்க முடியாதாங்க அந்த மனுஷனால? கண்ணு ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறாங்க, அப்பவும் கடவுளுக்குக் காலம் உண்டா இல்லையான்னு! எங்க வீட்டுக்காரருதான். கணக்கு வாத்தியாரா இருந்தவரு. ஐயோ, கண்ணத் திறக்காதீங்கம்மா, சொட்டு மருந்து வழிஞ்சிடும். நர்ஸ் திட்டுவாங்க. காதுதானே எனக்கு வேணும்.

ஒரு மாசமா இதே பாட்டு. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்றாரு: "இதுக்கு அடுக்கு இருக்கு. கடவுளுக்கு அடுக்கே கிடையாது. அன்பு தனி, அறிவு தனின்னு பிரிக்க முடியாது. அப்படிப்பட்டவரு நேத்து ஒரு துண்டு, இன்னிக்கு ஒரு துண்டுன்னு எப்படி இருப்பாரு? அதனால அவரு காலத்துக்கு வெளியே." அடுப்புல எண்ணெய் புகையுது… அத யாரு பாக்கறது?

நான் விடுவேனா? நானும் காலேஜ் படிச்சவதானே! நேத்து ஸ்ட்ரெச்சர் கூடவே ஓடறேன். வேற பொண்டாட்டியா இருந்தா சாமிய வேண்டிக்கிட்டு ஓடுவா. நான்? "ஏங்க, புள்ளிக்குப் பாகம் கிடையாதுன்னு நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க? ஆனா புள்ளி காகிதத்துலதானே இருக்கு! பாகமில்லாத கடவுளும் காலத்துக்குள்ளயே இருந்துட்டுப் போகட்டுமே!"

மனுஷன் பதிலுக்கு வாயத் திறக்கறதுக்குள்ள கதவு மூடிடுச்சு. ஜெயிச்ச சந்தோஷத்துல நான் காப்பி வேற குடிச்சேன்… வேண்டிக்கவே மறந்துட்டேன்.

அவருக்கு இன்னொரு கண்ணு எப்பவோ போயிடுச்சும்மா. இருக்கறது இது ஒண்ணுதான்.

இப்ப கட்டுப் பிரிக்கப் போறாங்க. உள்ள பார்வை வந்திருந்தா நேத்தே வந்திருக்கும். இல்லேன்னா… இல்லேன்னா இல்லதான். முடிஞ்சு போனதுக்கு இப்ப வேண்டிக்கிட்டா யாரு கேப்பா? காலத்துக்கு உள்ள இருக்கறவரு கைய விரிச்சிடுவாரு. வெளிய இருக்கறவருக்குத்தான் நேத்தும் இன்னிக்கும் ஒண்ணு. பாருங்க என் கூத்த! அந்த ஆளையே நேத்து நானே இழுத்துட்டு வந்து காலத்துக்குள்ள பூட்டிட்டேன்.

சிரிக்காதீங்க, மருந்து வழியுது.

இதோ வந்துட்டேன் சிஸ்டர்! ஒரு நிமிஷம்… கடவுளே, நான் இப்பத்தான் கேக்கறேன். நீ நேத்தே கேட்டுக்கோ.

அம்மா, அவரு இந்தப் பக்கம் வந்தாருன்னா, நான் தோத்துட்டேன்னு சொல்லிடாதீங்க. கேலி பண்ணியே கொன்னுடுவாரு…

இல்ல, சொல்லுங்க. என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கட்டும்.