குழிக்கு நாலு கிளை

மாலை நாலே முக்கால் மணி. ஜனவரி மாதம். கரடிப்பாத ஏரியின் குறுக்கே, பனிக்கட்டியின் மேலேயே செதுக்கிய பாதையில் ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏப்ரல் வந்தால் அந்தப் பாதையே இருக்காது... தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும்.

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. என்னோடு மர மில்லில் வேலை செய்கிற டுவேன் சொன்னது. வண்டியில் போனவர் அவனுடைய மாமனார், ஆர்வோ. டுவேன் புளுகன் என்று யாருக்காவது தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் வாயை மூடிக்கொண்டு தூண்டிலைப் பார்க்கிறேன். இல்லையா? சரி. அந்தக் கதவை இழுத்துச் சாத்துங்கள். பனிக்கட்டி மேல் போட்ட இந்த மீன்பிடிக் குடிலுக்குள் காற்று வருகிறது.

ஆர்வோ ஏரிச் சங்கத்தின் தலைவர். வண்டிகள் ஏரிக்குள் இறங்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கிறதே, அது அவர் கைப்பட எழுதியது. கேட்காமல் அடுத்தவன் தூண்டில் துளைக்குப் பக்கத்தில் துளை போடாதே. குடிலின் வெளிச்சுவரில் உன் பெயரை எழுது. மீன் குடலையும் முள்ளையும் ஏரியில் விட்டுப் போகாதே, கரைக்குக் கொண்டுவந்து பீப்பாயில் போடு. ஈட்டிக் குழியை விட்டுக் கிளம்பினால் நாலு மூலையிலும் பைன் கிளை நடு.

கடைசி விதிக்குத்தான் அவர் சிவப்பில் கோடு போட்டிருந்தார். தூண்டில் துளையில் கால்தான் மாட்டும். ஈட்டியால் மீன் குத்த வெட்டுகிற ஈட்டிக் குழி அப்படியில்லை, ஒரு சாப்பாட்டு மேசை அளவு இருக்கும். குடிலைத் தூக்கிய ஒரு மணி நேரத்தில் மேலே மெல்லிய ஏடு கட்டும். அதன் மேல் பனித்தூள் விழும். அப்புறம் எது தரை, எது குழி என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சிகரெட் துண்டைப் பனியில் போட்டவனைக்கூட ஆர்வோ துரத்திப்போய்ப் பொறுக்க வைத்திருக்கிறார். பாம்பு மாதிரி வழுக்குகிற ஒற்றைமீசை மீன் மாட்டினால் முகம் சுளித்து வெளியே பனியில் எறிகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, இல்லையா? அப்படி எறிந்த மார்லிஸை அவர் மீன்வளத் துறை அதிகாரியிடமே பிடித்துக் கொடுத்தார். பக்கத்துக் குடில்காரி என்றும் பார்க்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், அந்த ஏரியில் அவருக்கு இருந்த ஒரே சொத்து அவர் பெயர்தான். அதைக் காப்பாற்ற அவர் என்ன வேண்டுமானாலும் செய்வார்.

அன்று தன் குடிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். கதவடியில் ஒரு குவியல்.

மீன் குடல். முள். செதில் ஒட்டிய தோல். அவர் பெயர் எழுதிய சுவருக்கு நேர் கீழே, பார்வைக்கு வைத்தது போல.

குனிந்து தொட்டார். வெளியே மைனஸ் இருபத்தைந்து... எதுவானாலும் பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். இது மெத்தென்று இருந்தது. மீன் நாற்றம்கூடப் பெரிதாக இல்லை. ஏரிச் சேற்றின் வாடைதான் வந்தது, ஏப்ரலில் பனி உடையும்போது வருமே, அந்த வாடை. சுற்றிலும் புதுப்பனி. ஒரு காலடித் தடம் இல்லை. குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் மட்டும் பதிந்திருந்தது. வாளியை இறக்கி வைத்த வட்டம்.

"மார்லிஸ்," என்று பல்லைக் கடித்தார். யாரும் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பீப்பாயில் போட்டார்.

மறுநாள் அதே நேரம், அதே இடம், அதே குவியல். அன்று அவர் வருவதற்கு முன்பே அதிகாரி ஹெய்டி வந்து நின்றுகொண்டிருந்தாள். மீன்வளத் துறைச் சீருடை, கையில் குறிப்பேடு.

"என்னங்க ஆர்வோ, பலகையில எழுதறது மத்தவங்களுக்கு மட்டும்தானா?"

"சத்தியமா என்னுது இல்லம்மா. யாரோ வேணும்னே செய்யறாங்க."

"செவுத்துல உங்க பேருதான இருக்கு? இன்னொரு தடவை பாத்தேன்னா அபராதம் எழுதிடுவேன். லைசன்ஸும் போகும், தலைவர் பதவியும் போகும். எனக்கே சங்கடமா இருக்கு, சொல்லிட்டேன்."

அவள் வண்டி மறைந்ததும் ஆர்வோ நிமிர்ந்தார். முப்பது அடி தள்ளி, வெறும் பனியில், ஒரு பைன் கிளை நட்டிருந்தது.

புதன்கிழமை அவர் மதியமே வந்து, விளக்கு ஏற்றாமல் குடிலுக்குள் பதுங்கிக்கொண்டார். ஜன்னல் பனியை விரலால் சுரண்டி, மார்லிஸின் குடிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்தால் சந்தேகம். வராவிட்டால் அதைவிடச் சந்தேகம். புகைபோக்கியில் புகை கூடினால் அதற்கும் ஒரு காரணம் கற்பித்தார். ஏரி அவ்வப்போது அடிவயிற்றிலிருந்து முனகியது. நாலரை... நாலே முக்கால்...

கிரீச்... கிரீச்...

கம்பிக் கைப்பிடி ஆடும் சத்தம். யாரோ வாளியைத் தூக்கிக்கொண்டு நிதானமாக நடந்து வருகிறார்கள். ஆனால் சத்தம் மார்லிஸின் பக்கத்திலிருந்து வரவில்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. அவர் காலுக்குக் கீழே, பனிக்கட்டிக்கு அடியிலிருந்து வந்தது. குடிலின் தரைக்குக் கீழே நடந்து, கதவருகே நின்றது.

சளக்.

கதவைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே யாரும் இல்லை. குவியல் இருந்தது. வட்டம் இருந்தது. தூரத்தில் கிளைகள் இப்போது இரண்டு.

நான் சொல்கிறேன், அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மனிதன் கோபப்பட ஓர் ஆள் இருக்கும்வரை பயப்பட மாட்டான். வியாழக்கிழமை நேராகப் போய் மார்லிஸின் கதவைத் தட்டினார். அவள் காபிக் கோப்பையோடு வந்தாள்.

"வாங்க தலைவரே! இன்னைக்கு எந்தச் சட்டத்த மீறிட்டேன்?"

"நடிக்காத. என் வாசல்ல தெனம் குடலக் கொட்டறது நீதான?"

"எனக்கு வேற வேலையில்ல பாருங்க! இந்தக் குளுருல உங்க குடில் வாசல்ல வந்து கொட்டறதுக்கு."

வழக்கடித்துக்கொண்டே அவரோடு நடந்து வந்தாள். குவியல் வந்திருந்தது. அவள் ஒரு முள்ளைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது என் வெட்டு இல்ல. பாருங்க, வெட்டு எந்தப் பக்கம் ஆரம்பிக்குதுன்னு. இது எடக்கைக்காரன் வெட்டு."

ஆர்வோ முள்ளை வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்த ஏரியில எடக்கையால மீன் அறுத்தவன் ஒருத்தன்தான். டெல்மர். அவன் அலாஸ்காவுக்குப் போயி பத்து மாசமாச்சே... போனவன் அக்கா லவானுக்கு ஒரு போன்கூடப் பண்ணல. அவ கேக்காத ஆளில்ல." அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "ஏன் தலைவரே இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

முள்ளை அங்கேயே போட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். பாதி தூரத்தில் ஓட ஆரம்பித்தாள்.

கிளைகள் மூன்று. மூன்று மூலை. நாலாவது மூலை காலி. கிளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தால் தேவாலயக் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிந்தன. போன வருஷம் அவருடைய ஈட்டிக் குடில் நின்ற இடம் அதுதான். இந்த வருஷம் தூண்டிலே போதும் என்று சொல்லி, முப்பது அடி தள்ளிக் குடிலைப் போட்டிருந்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

போன மார்ச்... குடில்களை அப்புறப்படுத்தச் சட்டம் கொடுத்த கெடு நாள். அன்று டெல்மர் மீன் அறுத்த மிச்சத்தைப் பனியில் அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினான். ஆர்வோ விடுவாரா? நாலு பேருக்கு முன்னால் கத்தினார்.

"திரும்பிப் போ! வாளியில அள்ளிட்டு வந்து பீப்பாயில போட்டாத்தான் நீ மனுஷன்."

"இருட்டப் போவுது ஆர்வோ. காலையில அள்ளிடறேன்."

"இப்பவே!"

டெல்மர் வாளியை எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி திரும்பிப் போனான். ஆர்வோ தன் குடிலை இழுத்து வண்டியில் பூட்டினார். கெடு முடியப்போகிற அவசரம். விரல்கள் விறைத்துவிட்டன. வெட்டிவைத்த நாலு பைன் கிளைகளும் வண்டியின் பின்புறத்தில்தான் கிடந்தன. இனி யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தார். வண்டியைக் கிளப்பிவிட்டார். இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோதுதான் டெல்மரின் நினைவு வந்தது. எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை போய்ப் பார்த்தார். டெல்மர் மீன் அறுத்த இடம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. ஆக, அவன் அள்ளியிருக்கிறான். கரையில் பீப்பாயைத் திறந்தார். காலி. ஆக, வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது அவருடைய குழி. டெல்மர் அலாஸ்காவில் படகு வேலைக்குப் போகிறேன் என்று வருஷக்கணக்காகப் பினாத்திக்கொண்டிருந்தவன். ஊர் அதை நம்பியது. லவான் வீட்டுக்கு வந்து அழுதபோது ஆர்வோவும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் அவருக்குத் தன் மேல் அருவருப்பாக இருக்கிறதாம். டுவேனிடம் சொல்லும்போது தேம்பினாராம்.

வெள்ளிக்கிழமை குவியலுக்காக அவர் காத்திருக்கவில்லை. குடிலைப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பித்தான் மாட்டினார். வண்டியிலிருந்து ஒரு பைன் கிளையை எடுத்துக்கொண்டுபோய், நாலாவது மூலையில் நட்டார். பத்து மாதம் தாமதம். பிறகு ஹெய்டிக்குப் போன் செய்து, அவள் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் எழுதவில்லை. குறிப்பேட்டை மூடிவிட்டாள்.

"லவானுக்கு நீங்களே சொல்லணும்," என்றாள். "நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேம்மா."

நாலு கிளைகளுக்கு நடுவில் அவள் துளை போட்டு, மீன் பார்க்கிற கேமராவை இறக்கினாள். சின்னத் திரையில் பச்சையாகத் தண்ணீர். மணல். மிதக்கும் தூசி... வாளி. குப்புற விழாமல், கவிழாமல், யாரோ பார்த்து இறக்கி வைத்தது போல நேராக நின்றது. மூடி போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கம்பளிக் கையுறை. சாம்பலும் சிவப்புமாகக் கோடு. டெல்மர் மட்டும் எங்குமே இல்லை. கேமராவை எத்தனை முறை சுற்றியும் இல்லை.

ஹெய்டி இன்னும் நாலு துளை சேர்த்துப் போட்டு அகலமாக்கி, கொக்கி விட்டு இரண்டையும் மேலே இழுத்தாள். கையுறை வலது கை. கட்டைவிரல் ஓட்டையை நீல நூலால் தைத்திருந்தது. தம்பிக்கு லவான் பின்னியது, ஊருக்கே தெரியும். ஆர்வோ மூக்கைப் பொத்திக்கொண்டு வாளி மூடியைத் திறந்தார். பத்து மாதத்து அழுகல் இருக்க வேண்டும்.

காலி. ஒரு செதில் இல்லை. கழுவித் துடைத்து வைத்தது போல இருந்தது.

"எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துட்டான்," என்றார் ஆர்வோ.

ஹெய்டி வாளியை ஓரமாக வைத்தாள். குடிலுக்குள் போய்ச் சூடு காயலாம் என்று அவர் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். குடில் அவ்வளவு நேரமும் அவர்கள் கண் முன்னால்தான் நின்றது. அவர்களுடையதைத் தவிரப் பனியில் ஒரு தடம் இல்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. ஆர்வோ பித்தானைக் கழற்றிச் சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்று அவர் அடுப்பே மூட்டவில்லை.

அடுப்புக்கு மேலே, கையுறை காயப் போடும் ஆணியில், சாம்பலும் சிவப்புமாகக் கோடு போட்ட ஒரு கையுறை தொங்கியது. இடது கை. நுனியிலிருந்து சொட்டு... சொட்டாக... தண்ணீர் அடுப்பில் விழுந்து சுர்ரென்று பொரிந்துகொண்டிருந்தது.